மாட்டு ஏப்பம் அளக்கும் கட்டடம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அதாவது சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மாத்திரைகளை மறக்காமல் விழுங்குகிறோம், இதற்குப் பெயர் நலம் என்றால் நலம்தான். அத்தானின் முழங்கால் மறுபடி மடங்க ஆரம்பித்திருக்கும், பெரியவளின் வேலை மாற்றல் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன் இருக்க இதென்ன காகிதமும் பேனாவும் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் இவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதை வரிக்கு வரி திருத்துகிறார். "கிடாரி இல்லம்மா, கறவை. சரியாச் சொல்லு" என்கிறார். உன்னிடம் மனம்விட்டுப் புலம்ப வேண்டுமென்றால் எழுதித்தான் ஆகவேண்டும். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். அங்கே கூட்டம் இருந்தால் இந்தக் கடிதம் நீளும், இல்லாவிட்டால் பாதியில் நிற்கும்.

உனக்குத்தான் தெரியுமே, இவர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர அதைவிட்டு வெளியே வரவில்லை. ஊரில் எத்தனையோ தெரு இருக்க, நிலையத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டி வீடு வாங்கினார். "காத்தோட்டமான இடம்" என்றார். காற்று ஓடத்தான் செய்கிறது. ஆனால் அது மாட்டுக்கொட்டகை, சாணத் தொட்டி, புல்லைக் குழியில் அமுக்கிப் புளிக்கவைக்கிற ஊறுகாய்ப்புல் குழி, எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் ஓடிவருகிறது. காலையில் எழுந்ததும் இவர் பின்ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்து, "இன்னிக்குப் புல்லு கொஞ்சம் ஈரம், ரெண்டு நாள் விட்டுத் தொறந்திருக்கலாம்" என்பார். மற்ற வீடுகளில் ஆண்கள் செய்தித்தாள் படிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். நிலையத்தை மேம்படுத்தப் போகிறார்களாம். மாடு விடுகிற ஏப்பத்தில் இருக்கும் வாயுவால் பூமி சூடாகிறதாம். என்ன தீனி போட்டால் ஏப்பம் குறையும் என்று கண்டுபிடிக்கவேண்டுமாம். அதற்காகப் பழைய கொட்டகையை இடித்துவிட்டு, கண்ணாடி அறைகள் வைத்த கட்டடம் ஒன்று கட்டி, அறைக்கு ஒரு மாட்டை உள்ளே நிறுத்தி, அது விடும் ஏப்பத்தை எல்லாம் குழாய் வழியாகப் பிடித்து அளப்பார்களாம். நான் சிரித்தேன். "நம்ம வீட்லயும் ஒரு ரூம் போடச் சொல்லுங்க, நீங்க சாப்பிட்டு முடிச்சதும் உள்ள அனுப்பறேன்" என்றேன். இவர் சிரிக்கவில்லை. ஆராய்ச்சியைப் பற்றி யார் சிரித்தாலும் இவருக்குப் பிடிக்காது.

கட்டவேண்டியதுதானே, யார் தடுத்தார்கள் என்றால், அங்கேதான் சிக்கல். அந்தக் காலத்தில் நிலையத்தைச் சுற்றிப் பொட்டல்தான். இப்போது நாலு பக்கமும் அடுக்குமாடி. நகரமைப்பு அலுவலகத்துக்காரர்கள் வரைபடத்தில் இந்த வட்டாரம் முழுவதையும் குடியிருப்புப் பகுதி என்று வண்ணம் தீட்டிவிட்டார்கள். நமக்கெல்லாம் முன்னால் வந்த மாடுகள் இப்போது அனுமதி வாங்கவேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து சொல்லலாம் என்று சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதில் வாயு என்ற வார்த்தையைப் பார்த்ததுதான் தாமதம், மாடிக்காரர்கள் எல்லாரும் வெடிக்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். தலைமை தாங்கியது பல் டாக்டர். எதிர்க்கட்டடத்தில் மேலே வீடு, கீழே கிளினிக். சும்மா சொல்லக்கூடாது, அவர் கட்சியிலும் நியாயம் இருந்தது. "நாள் பூரா வாயத் தொறந்து வெச்சிட்டு இருக்கறவங்கதான் என் பேஷண்ட்ஸ். அந்தக் கொட்டகை ஈ வேற எங்க போகும்?" என்று வீட்டுக்கு வீடு கேட்டுக் கையெழுத்து வாங்கினார்.

அனுமதி கிடைக்காவிட்டால் நிலையத்தை மூடிவிட்டு எங்கோ கண்காணாத இடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. வயதான மாடுகளை ஏலம் விட்டுவிடுவார்களாம். இவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து நிலையத்தின் டைரக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாள் தெரியுமா? இப்போது அவள்தான் எல்லாருக்கும் மேலே. "சார், நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க. நாங்க பேசினா வேலைக்காகப் பேசறோம்னு நினைப்பாங்க. நீங்க பேசினா எடுபடும்" என்றாள். இவர் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்படி ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் வந்ததில்லை.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தார். நன்றாகத்தான் எழுதினார். நிலையத்தின் சேவை, புதுக் கட்டடத்தின் பயன், சாணத் தொட்டியை மூடிச் சுத்திகரிக்கப் போகும் திட்டம், வெடிக்கவே வெடிக்காது என்பதற்கான விளக்கம், எல்லாம் வரிசையாக இருந்தது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு எனக்குப் படித்துக்காட்டினார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, பேச்சு உருக்கமாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூட்டத்தன்று நகராட்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் மாடிக்காரர்கள், இன்னொரு பக்கம் நிலையத்து ஆட்கள், மேடையில் திட்டக் குழு. இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்று, காகிதத்தை விரித்து, "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததோடு சரி. குழுத் தலைவர் கையை உயர்த்தி, "சார், அந்தப் பேப்பர உள்ள வெச்சிடுங்க. காலைலேர்ந்து எல்லாரும் படிச்சுப் படிச்சுக் காது வலிக்குது. நீங்க அங்கேயே இருந்தவரு. மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்றார். அக்கா, அந்தத் தலைவர் தங்கமான மனிதர். ஆனாலும் அவரை நான் மன்னிக்கமாட்டேன்.

"மனசுலயா? மனசுல வேற என்னங்க இருக்கு, பூரா மாடுதான் நிக்குது" என்றார் இவர். கூடமே சிரித்தது. எனக்குத் தெரியும், இவருக்கு ஒருமுறை கூட்டம் சிரித்துவிட்டால் போதும், பிறகு பிடித்து நிறுத்த ஆள் கிடையாது.

"எங்க ஊறுகாய்ப்புல் குழியத் தொறந்தா இருக்கே, ஒரு மணம்! காத்து இந்தப் பக்கம் அடிச்சா தபாலாபீஸ் வரைக்கும் போகும். அங்க முத்திரை குத்தறவரு தலையத் தூக்கி, 'இன்னிக்குக் குழி தொறந்துட்டாங்கப்பா'ம்பாரு. இப்ப மாதிரி இல்லைங்க, அப்ப சரக்கு அப்படி!" என்றார். பல் டாக்டர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டாள். "கன்னுக்குட்டிய பால் மறக்கடிக்கப் பிரிச்சு வெப்போம் பாருங்க, தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம், விடிய விடியக் கதறும். தெருவுல ஒரு வீட்ல தூக்கம் இருக்காது. நானும் எங்க வீட்டம்மாவும் எழுந்து உக்காந்து அழுவோம்" என்றார். அக்கா, இவர் கன்றுக்காக அழுதார். நான் தூக்கத்துக்காக அழுதேன். இதையெல்லாம் சபையில் எழுந்து திருத்த முடியுமா?

அதோடு விட்டாரா? இன்ஸ்பெக்டர் கதைக்கு வந்தார். இன்ஸ்பெக்டர் என்பது இனவிருத்திக்கு வைத்திருந்த ஒரு பொலிகாளை. நீ ஒருமுறை இங்கே வந்திருந்தபோது உன் புதுக்குடையை மென்று தின்றதே, அதுதான். "வேலிய முட்டித் தள்ளிட்டு வெளிய போனான்னா நேரா பள்ளிக்கூட மைதானந்தான். ஒரு பிள்ளையத் தொட்டதில்லைங்க! கோல் போஸ்ட்ட மட்டுந்தான் சாய்ப்பான்" என்றார். குழுத் தலைவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "ஏன் சார், வேலி ஒழுங்கா இல்லையா?" என்று கேட்டார். "வேலி நல்லாத்தான் இருந்துச்சுங்க. அவன் அதவிட நல்லா இருந்தான்" என்றார் இவர், பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

பல் டாக்டர் எழுந்து, மிகவும் மரியாதையாக, "ஈத் தொல்லை எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்டார். "ஈ இல்லாம மாடு ஏது டாக்டர்? நாங்க டீயக் குடிக்கறதுக்கு முன்னாடி அதுங்கதான் குடிக்கும்" என்று சொல்லிவிட்டு இவரே சிரித்தார். கடைசியில் மேடையைப் பார்த்துக் கை கூப்பி, "அந்த மாதிரி எடம் இனிமே கிடைக்காதுங்க. தயவுசெஞ்சு அத மாத்திடாதீங்க. அது அப்படியே இருக்கணும்" என்று முடித்தார்.

புரிகிறதா அக்கா? கூட்டமே அதை மாற்றுவதற்கு அனுமதி கேட்டுத்தான் கூடியிருந்தது. மாற்றக்கூடாது என்று மனு கொடுத்தவர்கள் எதிர்ப்பக்கம். மாடிக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பல் டாக்டர் ஓடிவந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "சார், எங்க பக்கத்துல ஒருத்தர்கூட இவ்வளவு தெளிவாப் பேசல" என்றார். இவர் ஒன்றும் புரியாமல் "நன்றி, நன்றி" என்றார். குழு, முடிவைத் தள்ளிவைக்கிறோம், நேரில் வந்து இடத்தைப் பார்த்தபிறகு சொல்கிறோம் என்று எழுந்துவிட்டது.

டைரக்டர்தான் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டாள். இறங்கும்போது, "சார், நீங்க வந்ததே போதும்" என்றாள். திட்டியிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். வீட்டுக்குள் வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "நான் தப்பா ஏதாவது பேசிட்டேனா?" என்று கேட்டார். "எல்லாம் உண்மையத்தானே பேசினீங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கே ஒவ்வொன்றாக உறைத்தது போல. எழுந்து போய்ப் பின்ஜன்னலைச் சாத்தினார். அக்கா, இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த ஜன்னலை அவர் கையால் சாத்தி நான் பார்த்ததில்லை. மழைக்குக்கூட நான்தான் சாத்துவேன். மறுநாளும் திறக்கவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. வீடு அமைதியாக, சுத்தமாக, எந்த வாடையும் இல்லாமல் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆகவே நான் பல் டாக்டரைப் பார்க்கப் போனேன். சும்மா போய்ச் சண்டை போட முடியாதே, ஒரு கடைவாய்ப் பல் கொஞ்ச காலமாக ஆடிக்கொண்டிருந்தது, அதைக் காரணமாக வைத்துக்கொண்டேன். அதில் ஒரு தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே பஞ்சும் கம்பியும் வைத்தபிறகு நான் எப்படிப் பேசுவது? அவர்தான் பேசினார். "உங்க வீட்டுக்காரர் மாதிரி நேர்மையான மனுஷன நான் பார்த்ததே இல்லைங்க. அவரே சொல்லிட்டாரே, நாத்தம், சத்தம், ஈ!" என்றார். நான் "ஆ... ஆ..." என்றேன். "வலிக்குதா?" என்று ஊசியைப் போட்டார். வாய் மரத்துப்போய், உதடு எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாத நிலையில், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, குழறிக் குழறி விஷயத்தைச் சொன்னேன். புதுக் கட்டடம் வந்தால் சாணத் தொட்டிக்கு மூடி வந்துவிடும், ஈ வராது, மாடுகள் கண்ணாடிக்கு உள்ளே நிற்கும், நீங்கள் எதை எதிர்க்கிறீர்களோ அதை ஒழிக்கத்தான் அவர்கள் அனுமதி கேட்கிறார்கள், திட்டத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன். அவர் படிக்கவில்லை. யாருமே படிக்கவில்லை.

"அப்ப ஏம்மா அவரு அதச் சொல்லவே இல்ல? மூடி போடப் போறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றார் டாக்டர்.

"அவருக்கு அது நாத்தம்னே தெரியாது டாக்டர்" என்றேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றார். அப்புறம் பல்லைப் பிடுங்கினார்.

குழு நேரில் வந்த அன்று, "நான் வரல, நான் வந்தா இன்னும் கெடும்" என்று இவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நான்தான் சட்டையை எடுத்துக் கொடுத்து, வாயைத் திறக்கக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் கூட்டிக்கொண்டு போனேன். தலைவர், உறுப்பினர்கள், டைரக்டர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி பல் டாக்டர் என்று ஒரு ஊர்வலமே கொட்டகைக்குள் நடந்தது. இவர் எல்லாருக்கும் பின்னால், பள்ளியில் பெஞ்சு மேல் ஏற்றப்பட்ட பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். ஒரு கிழட்டுக் கறவை இவரைப் பார்த்ததும் கழுத்தை நீட்டிக் கத்தியது. பக்கத்திலிருந்த டாக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தவர், அதன் திறந்த வாயைப் பார்த்துவிட்டார்.

"சார்! இந்த மாட்டுக்கு மேல்பல்லு ஒண்ணுகூட இல்லையே! யாராவது கவனிச்சீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"மாட்டுக்கு முன்னாடி மேல்பல்லே கிடையாது டாக்டர்" என்றார் இவர். "எந்த மாட்டுக்கும் கிடையாது. கெட்டியா ஒரு திண்டுதான். நாக்கால புல்லச் சுருட்டி, கீழ்ப்பல்ல அதுல அழுத்தி அறுத்துடும். தொட்டுப் பாருங்க."

"கடிக்காதே?"

"எத வெச்சுக் கடிக்கும்?"

டாக்டர் கைக்குட்டையைப் பையில் வைத்தார். சட்டைக் கையை மடித்தார். அடுத்த நிமிடம் அவர் கை மாட்டின் வாய்க்குள் இருந்தது. "அடேயப்பா, என்ன ஈறு! சொத்தையே இல்லையே! பேஷண்ட்ஸ கூட்டிட்டு வந்து காட்டணும் சார் இத" என்று கத்தினார். இவர் கீழ்ப்பல்லின் தேய்மானத்தை வைத்து மாட்டின் வயதைச் சொல்லிக்காட்ட, டாக்டர் அடுத்த மாட்டுக்குத் தாவ, அவர் வயதைச் சொல்ல, இவர் "இல்ல, ரெண்டு கம்மி" என்று திருத்த, இரண்டு பேரும் கொட்டகையின் மறுகோடிக்கே போய்விட்டார்கள். குழுத் தலைவர் வரைபடத்தைப் பிடித்தபடி நடுவில் நின்று, "ஆட்சேபம் சொல்ல வந்தவரு எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். "பல்லப் பார்க்கப் போயிருக்காரு" என்றேன்.

அனுமதி கிடைத்துவிட்டது அக்கா. நிபந்தனைகளோடுதான். சாணத் தொட்டிக்கு முதலில் மூடி போடவேண்டும், சுவரோரம் மரம் நடவேண்டும், இன்னும் என்னென்னவோ. மாடிக்காரர்கள் சார்பில் டாக்டரே சம்மதம் சொன்னார். டைரக்டர் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாம் சுபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, புதுக் கட்டடம் எந்த இடத்தில் வருகிறது என்று வரைபடத்தில் காட்டினார்கள். கொட்டகை இடம் போதாமல், இவர் வேலையில் இருந்தவரை நாங்கள் குடியிருந்த நிலையத்துக் குடியிருப்பு வரிசையின் மேலும்.

இடிக்குமுன் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று நேற்று சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். நீ பார்த்த வீடுதான், கொட்டகைக்குப் பக்கத்து வரிசையில் மூன்றாவது. இப்போது அதில் காலி மருந்து டப்பாக்களை அடுக்கியிருக்கிறார்கள். சமையலறைக் குழாய் இன்னும் அதே மாதிரி சொட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் இவர் என்னுடைய கண்ணாடிக்கென்று ஆணி அடிக்கப்போய்ப் பேர்த்தெடுத்த காரை அப்படியே இருக்கிறது. கல்யாணம் ஆகி வந்த மறுநாள் இந்த வாசலிலிருந்துதான் என்னைக் கைப்பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "என்கூட வேலை பாக்கறவங்களக் காட்டறேன் வா" என்றார். அங்கே ஜன்னல்காரி என்று ஒரு மாடு. ஆராய்ச்சிக்காக விலாவில் ஓட்டை போட்டு மூடி வைத்திருப்பார்கள். மூடியைத் திருகித் திறந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பிடிப் புல்லை அள்ளி, என் மூக்குக்கு நேரே நீட்டி, "எப்படி மணக்குது பாரு!" என்றார். ஜன்னல்காரி தன் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தாள். புதுப்பெண் நான் என்ன செய்வேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். அன்றைக்கு ஆட்டிய தலைதான்.

இவர் அந்தச் சமையலறையில் நின்றுகொண்டு, "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். டாக்டர் ஏதோ சொன்னாரு. இங்க நாம இருந்தப்ப உனக்கு நாத்தம் அடிச்சுதா?" என்றார்.

"மொத நாள்லேர்ந்து" என்றேன்.

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? எப்படி மணக்குது பாருன்னுதானே சொன்னீங்க."

இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தக் காரை பெயர்ந்த இடத்தைத் தடவினார். எனக்குத்தான் அழுகை வந்தது. இந்த வீட்டை விட்டால் போதும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்! இருட்டும் முன் வெளியே வந்தபோது, கால் நகர மாட்டேன் என்றது. இவர் கதவைச் சாத்திவிட்டு, "போதும். அந்தப் பின்ஜன்னல் வீடும் வேண்டாம். உங்க அக்கா ஊருக்கே போயிடலாம். மிச்ச நாளாவது நீ நல்ல காத்து சுவாசி" என்றார். முடிவாகச் சொல்லிவிட்டார் அக்கா. பிடிவாதக்காரர், இனி மாறமாட்டார். ஆகவே அத்தானிடம் சொல்லி உங்கள் பக்கத்தில் ஒரு வீடு பார்க்கச் சொல். மாடிப்படி அதிகம் வேண்டாம், ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை.

வாசலில் கேட் சத்தம் கேட்கிறது, இவர் வந்துவிட்டார், முடி வெட்டியதில் காது இரண்டும் தனியாக நிற்கிறது. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் அன்பும் ஆசியும். நீ உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் உன் சமையலறையில் உட்கார்ந்து மிச்சத்தைச் சொல்கிறேன்.

இப்படிக்கு
உன் பிரியமுள்ள தங்கை

பின்குறிப்பு: வீடு பார்க்கவேண்டாம். இதைத் தபாலில் சேர்க்குமுன் அனுமதி உத்தரவு எழுத்தில் வந்துவிட்டது. கட்டி முடிக்கும்வரை தினமும் காலையில் சுவரோரம் ஒருவர் நின்று, நாற்றம் இருக்கிறதா இல்லையா என்று கையெழுத்துப் போடவேண்டும் என்பது கடைசி நிபந்தனையாம். இரு தரப்பும் ஒப்புக்கொள்கிற ஆளாக இருக்கவேண்டுமாம். 'எங்களுக்காகப் பேசியவர்' என்று மாடிக்காரர்கள் இவர் பெயரைக் கொடுத்தார்கள். 'எங்கள் ஆள்' என்று நிலையத்துக்காரர்களும் இவர் பெயரையே கொடுத்தார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. இன்று காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு, என்னையும் எழுப்பி, சுவரோரம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லணும். அடிக்குதா?" என்று கேட்டார். அப்போதுதான் குழியைத் திறந்திருந்தார்கள். புளித்த புல், ஈர வைக்கோல், மாட்டு மூச்சு, எல்லாம் சேர்ந்து வந்தது. நான் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். "நாத்தமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். பொய் சொல்லவில்லை அக்கா.